செவிக்கல்லில் ஒரு கறுப்பு வளையம்

மீனுக்குக் காது உண்டு. வெளியே தெரியாது, கம்மல் போட முடியாது, அவ்வளவுதான். தலைக்குள்ளே இரண்டு பக்கமும் அது இருக்கிறது. அதற்குள் சுண்ணாம்பாலான குட்டிக் கற்கள் இருக்கின்றன. செவிக்கல் என்று பெயர். மீன் முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் அந்தக் கல்லின்மேல் தினம் ஒரு வளையம் ஏறிக்கொண்டே போகும். தேய்த்து மெல்லியதாக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினாற்போல் இருக்கும். வளையங்களை எண்ணினால் குஞ்சுக்கு எத்தனை நாள் வயது என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் பெண் பார்க்க வந்த அன்றே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். தனியாகப் பேசச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பி ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நாலரை நிமிடம் நான் செவிக்கல்லைப் பற்றியே பேசினேன். மீதி அரை நிமிடத்தில் அவர் "சமைக்கத் தெரியுமாங்க?" என்று கேட்டிருந்தால் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போயிருப்பேன். அவர் கேட்டது, "ஒரு நாள் அது சாப்புடலன்னாக்கூட அந்தக் கல்லுல தெரியுமுங்களா?" என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் நடந்துவிட்டது.

என் ஆராய்ச்சியில் ஒரே கேள்விதான். தண்ணீர் சூடாக இருந்தால் குஞ்சு மீனின் செவிக்கல் எப்படி வளரும், குளிர்ந்திருந்தால் எப்படி வளரும்? சூடான தண்ணீரில் மீன் நன்றாகத் தின்னும், மளமளவென்று வளரும், கல்லில் வளையங்கள் அகலமாக விழும். குளிர்ந்த தண்ணீரில் எல்லாமே மந்தம். வளையங்கள் பண்டிகைக்கு முதல் நாள் பென்னாகரம் பஸ்ஸில் ஜனங்கள் நிற்கிற மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் உடம்பு வளராமல் நின்றால்கூடக் கல் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும் என்று படித்திருந்தேன். அதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுதி வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன். பாதிப் பேர் என்னைக் கண்டால் பாத்ரூம் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இந்த ஆராய்ச்சிக்குத் தருமபுரியில் ஒரு கல்லூரியில் பதிவு செய்திருந்தேன். வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு முறை நீட்டிப்பு வாங்கி, இரண்டாம் முறையும் வாங்கி, இனிமேல் கிடையாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் ஆய்வகத்தில் நான் வளர்த்த குஞ்சுகள் எல்லாம் செத்தன. தொடர் விடுமுறை, பேய் மழை, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. திங்கட்கிழமை கதவைத் திறந்தேன். அழுதுகொண்டே மூன்று தொட்டிகளையும் கழுவினேன். மறுபடி ஆரம்பித்தால் ஒரே ஒரு தொகுதி வளர்க்க மட்டுமே நாள் இருந்தது. அதுவும் போனால் என் படிப்பு அத்தோடு முடிந்தது.

போதாக்குறைக்கு, அதற்கு முந்தைய ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் என்னை மடக்கியிருந்தார். "குளிர்ந்த தண்ணீரிலும் தினம் ஒரு வளையம்தான் விழுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? இரண்டு நாளுக்கு ஒன்று விழுந்தால்? உன் கணக்கெல்லாம் என்ன ஆகும்?" புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். "புத்தகம் உன் தொட்டியில் வளரவில்லையே," என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

அதனால் இந்தக் கடைசித் தொகுதியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று என் நெறியாளர் மேடத்திடம் கெஞ்சினேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, நான் இருக்கிறேன். மேடம் அதிகம் பேசமாட்டார். "சரி" என்ற ஒரே சொல்லில் திட்டவும் செய்வார், வாழ்த்தவும் செய்வார். "சரி," என்றார். அது திட்டு.

பென்னாகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான், கணவர், அவருடைய அம்மாவான என் அத்தை, மூன்றே பேர். கடலைக்காய் மூட்டை போடுகிற அறையைக் காலி செய்து நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப்கள் மூன்று வைத்தேன். பண்ணையிலிருந்து கெண்டைக் குஞ்சுகள் வந்தன. கண்ணிமை மயிர் அளவுதான் இருந்தன, எல்லாவற்றுக்கும் கண் மட்டும் பெரிசு. இரண்டு டப்களில் ஹீட்டர் போட்டேன், ஒன்றில் நல்ல சூடு, ஒன்றில் மிதம். மூன்றாவது டப் குளிர்ச்சி. அதற்குக் காலையும் மாலையும் ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மிதக்கவிட்டேன். ஃப்ரீசர் முழுக்க என் பாட்டில்கள். அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் யாரும் ஐஸ்கிரீம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அத்தை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். எந்தப் பிள்ளை வாடியிருக்கிறது, எது இரண்டாம் முறை சோறு கேட்க வெட்கப்படுகிறது என்று வரிசையைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணோடுதான் என் டப்களையும் பார்த்தார். மூன்றாம் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. சூட்டு டப்பில் கொழுகொழுவென்று திரிந்தன. குளிர் டப்பில் எல்லாம் நோஞ்சான்கள்.

"ஏன் கண்ணு, இதுங்களுக்கு மட்டும் தீனி கம்மியா போடறியா?"

"இல்லைங்கத்தை, மூணுக்கும் ஒரே அளவுதான். தண்ணி ஜில்லுனு இருக்குதுல்ல, அதான் வளரல."

"அப்ப ஜில்லுனு ஏன் வெக்கறே?"

"வளருதா இல்லையான்னு பாக்கத்தானுங்கத்தை."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "வளரலன்னுதான் தெரிஞ்சிபோச்சே. எடுத்துடு. நாலு பேரு வந்து போற வூடு. ஒரு டப்புல மட்டும் எலும்புந்தோலுமா வெச்சிருந்தா என்னா நெனப்பாங்க?"

விஞ்ஞானத்தை விளக்க முக்கால் மணி நேரம் செலவழித்தேன். கடைசியில் "செரி, உன் இஷ்டம்," என்று போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நானும் ஒரு ஆராய்ச்சியாளர்.

குஞ்சுகள் உரிய வயதுக்கு வந்ததும், அத்தை பள்ளிக்கூடம் போயிருந்த நேரமாகப் பார்த்து, கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் அவற்றைத் தூங்க வைத்தேன். அப்புறம் அவை எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனசில்லை. செவிக்கல் எடுக்கிற வேலை கல்லூரியில். ரவையில் பாதிகூட இருக்காது ஒரு கல். இரண்டு ஊசிகளால் தலையைப் பிரித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும். தும்மினால் தீர்ந்தது. ஒரு முறை தும்மினேன். அரை நாள் தரையில் தவழ்ந்து தேடினேன், கிடைக்கவில்லை. எடுத்த கல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதற்கு நிறமில்லாத நெயில் பாலிஷ்தான் சரியான பசை. தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே வளையல் கடையில் ஒரே தரம் பதினோரு பாட்டில் வாங்கினேன். கடைக்காரம்மா "எத்தன பொண்ணுங்க உனக்கு?" என்று கேட்டார்.

சூட்டு டப் மீன்களின் கற்கள் அற்புதமாக இருந்தன. அகல அகலமாக வளையங்கள். மிதமான டப்பும் அப்படியே, கொஞ்சம் குறுகல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குளிர் டப்பின் முதல் கல்லை வைத்தேன். நெருக்கமான, மெல்லிய வளையங்கள், எதிர்பார்த்தபடியே. நடுவில் ஒன்று மட்டும் கன்னங்கரேலென்று, யாரோ மை தீட்டிய மாதிரி.

அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. அடுத்த கல்லை வைத்தேன். அதிலும் இருந்தது. அடுத்ததிலும். அந்த டப்பிலிருந்து எடுத்த அத்தனை மீனிலும், ஒன்று விடாமல், அதே கறுப்பு வளையம். மற்ற இரண்டு டப்களிலும் இல்லவே இல்லை.

மேடம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இவற்றுக்கு என்றைக்கோ ஏதோ நடந்திருக்கிறது," என்றார். "என்ன நடந்தது என்று தெரியாமல் இந்தத் தொகுதியை எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று நாளில் கண்டுபிடி. இல்லையென்றால் குளிர் டப்பையே விட்டுவிட வேண்டும்." குளிர் டப்பை விட்டால் மிச்சம் இரண்டு. இரண்டை வைத்து ஆய்வேடு தேறாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுபடி வளர்க்க நாள் கிடையாது. "சரி மேடம்," என்றேன். இந்த முறை அந்தச் சொல்லை நான் சொன்னேன்.

கறுப்பு வளையத்திலிருந்து கல்லின் ஓரம் வரை எண்ணினேன். பதினேழு. அடுத்த மீன், பதினேழு. அதற்கடுத்தது பதினேழு. ஒன்றில் பதினாறு வந்தது. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து எண்ணினேன், பதினேழு. நோட்டில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தினசரிக் காலண்டர்முன் நின்றேன். கிழித்த தாள்களை எங்கள் வீட்டில் எறிவதில்லை, அதன் பின்பக்கம்தான் மளிகைச் சாமான் எழுதுவோம். மீன்களைத் தூங்க வைத்த நாளிலிருந்து பதினேழு தாள் பின்னால் போனேன். தீபாவளி.

வெப்பநிலை எழுதுகிற நோட்டைப் புரட்டினேன். எனக்கு அது தலை தீபாவளி, குஞ்சுகளை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாமல் இங்கேயே கொண்டாடினோம். தீபாவளியன்று காலைக் கட்டம் காலி. அதில் அளவு இல்லை, "பண்டிகை" என்று மட்டும் என் கையெழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு பூவாணம் வரைந்திருந்தேன். என்னையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது. அன்றைக்கு மதியம்தான் அளந்திருக்கிறேன். கொஞ்சம் கூடவே இருந்திருக்கிறது. பாட்டில் உருகியிருக்கும் என்று நினைத்திருப்பேன், வாயில் அதிரசம் இருந்திருக்கும்.

முதலில் கணவரைப் பிடித்தேன். மனுஷன் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"தப்புதாம்மா. மட்டன் வெக்க எடமில்ல. உன் பாட்டிலு நாலஞ்ச வெளிய எடுத்துட்டு வெச்சேன். ஒரு மணி நேரந்தான். அப்புறம் பயந்துக்கிட்டுத் திருப்பி உள்ள வெச்சிட்டேன்."

"எப்போ?"

"தீபாவளிக்கு மொத நாளு."

"மொத நாளா? நல்லா யோசிங்க. தீபாவளி அன்னிக்கா?"

"அன்னிக்குக் கறிய சாப்புட்டாச்சேம்மா!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நாள் தள்ளி மட்டனை வைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்? பதினெட்டாவது வளையமாக இருந்திருந்தால் குற்றவாளி கையில் கிடைத்திருப்பார். ஒப்புக்கொள்ளத் தயாராக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கல் அவரை விடுதலை செய்துவிட்டது.

அந்த நேரம் அத்தை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார். செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு, "என்னா ரெண்டு பேரும் சண்டை?" என்றார்.

"தீபாவளி அன்னிக்கு யாரோ என் குளிர் டப்ப என்னமோ பண்ணியிருக்காங்கத்தை."

"யாரோ இல்ல. நான்தான் ஊத்துனேன்."

"என்னத்தை ஊத்துனீங்க?"

"வெந்நி." ஏதோ உலகம் முழுக்கத் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார். "நல்ல நாளு பெரிய நாளு. வூட்ல இருக்கற அத்தன பேரும் வெந்நில தலைக்கு ஊத்திக்கறோம். அதுங்க மட்டும் ஐசு தண்ணில கெடக்கணுமா? மத்த ரெண்டு டப்புக்கும் நீயே ஹீட்டரு போட்டு வெச்சிருக்கே. இதுங்க என்னா பாவம் பண்ணுச்சி?"

கணவர் மெதுவாக, "எண்ணெ சீக்காயெல்லாம் போட்டியாம்மா?" என்று கேட்டார்.

"போடா, லூசு. மீனுக்குக் கண்ணு எரியாதா?" என்று அவரை அடக்கிவிட்டு அத்தை முழு விவரமும் சொன்னார். விடிகாலை ஐந்து மணி. முதலில் பாட்டில்களை வெளியே எடுத்திருக்கிறார். குஞ்சு ஒன்றும் வந்துவிடாமல் மாவுச் சல்லடை வைத்து ஒரு பக்கெட் குளிர்ந்த தண்ணீரை மொண்டிருக்கிறார். பிறகு ஒரு பக்கெட் வெந்நீரை ஓரமாக, மெதுவாக விட்டிருக்கிறார். "என்னா ஆட்டம் ஆடுச்சிங்க தெரியுமா அதுங்க? நீ பாத்திருக்கணும்." காலைப் பலகாரம் ஆனதும் பாட்டில்களை ஞாபகமாகத் திரும்பப் போட்டுவிட்டிருக்கிறார். நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் பாத்திரங்களை இருந்த இடத்திலேயே கவிழ்க்கிறவர். தடயம் எப்படி இருக்கும்?

நான் கடலைக்காய் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அழத்தான் உட்கார்ந்தேன். அத்தனை வருஷப் படிப்பையும் ஒரு பக்கெட் வெந்நீர் கொண்டுபோய்விட்டதே! அழுகை பாதி வந்துகொண்டிருந்தபோது மண்டையில் ஏதோ பளிச்சென்றது. அத்தை ஊற்றியது தீபாவளியன்று. நான் எண்ணியது பதினேழு. எண்ணும்போது எனக்கு இது எதுவும் தெரியாது. நாளோ பதினேழு, வளையமோ பதினேழு. ஐஸ் தண்ணீரில் கிடந்துகொண்டே அந்த நோஞ்சான்கள் ஒரு நாளைக்கூடத் தவறவிடவில்லை! இரண்டு நாளுக்கு ஒன்று விழுந்தால் என்ன செய்வாய் என்று ஆய்வுக்குழுவில் மடக்கினாரே, அந்தக் கேள்விக்கு இதோ பதில்.

கத்திக்கொண்டு எழுந்தேன். அத்தையைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். "அய்ய, வுடு, வுடு, இடுப்பு போயிடும்," என்று அவர் கத்தினார். போனில் மேடத்துக்குச் சொன்னபோது மூச்சுவிடாமல் முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன், மட்டன் உள்பட.

மேடம் கேட்டது ஒன்றுதான். "நீ எண்ணும்போது இது உனக்குத் தெரியாது?"

"சத்தியமா தெரியாது மேடம்."

"சரி," என்றார். அந்தச் "சரி"யை அவர் வாயிலிருந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாவுக்கு இண்டூர் தாண்டும்வரை செவிக்கல்லைப் பற்றிச் சொன்னேன். பாவம், அவர் இறங்குமிடத்துக்கு முன்பே இறங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு பொத்தல் மட்டும் இருந்தது. ஊற்றிய வெந்நீரின் சூடு எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுது என்றார் மேடம். பண்டிகைக் காலை, வீட்டிலுள்ள ஒருவர், ஒரு பக்கெட் வெந்நீர், வெப்பநிலை அளக்கப்படவில்லை. அப்படியே எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து உட்காரலாம் என்ற முறையில் நடப்பது. அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கென்று போண்டா சுட்டு எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டம் இருபது பேர். போண்டா நூறு. பழக்கதோஷம்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அமைதியானவர். ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகப் போயிற்று. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தார்.

"வெந்நீரின் சூடு எவ்வளவு?"

"அளக்கவில்லை சார்."

"கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருந்தால்? அந்த அதிர்ச்சியில் மீன்கள் இரண்டு மூன்று நாள் வளையமே போடாமல் இருந்திருக்கலாம். பிறகு வேறெங்கோ ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். உங்கள் பதினேழு தற்செயலாக இருக்கலாம் இல்லையா?" புத்தகத்தை மூடினார். "இந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, குளிர்த் தொகுதியை மறுபடி செய்து கொடுங்கள் என்று எழுதத் தோன்றுகிறது."

மறுபடி செய்ய எனக்கு நாள் கிடையாது. அது அவருக்குத் தெரியாது. மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"அய்யா, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

தேர்வாளர் நிமிர்ந்தார். "நீங்கள்?"

"ஊத்துனது நான்தானுங்க." அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "கொதிக்கல்லாம் இல்லீங்க. ஒரே அண்டாவுல காய்ச்சி, ரெண்டு பக்கெட்டு ஒண்ணாத்தான் வெளாவுனேன். ஒண்ண அதுங்களுக்கு ஊத்துனேன். இன்னொண்ண இவ தலைக்கு ஊத்துனேன். எங்க வூட்டுக்கு வந்த பொண்ணு, தல தீபாவளி. அவ தலைக்குக் கொதிக்கற தண்ணிய ஊத்துவேனுங்களா? அவளயே கேட்டுப் பாருங்க, சுட்டுச்சான்னு."

யாரும் சிரிக்கவில்லை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுட்டதா அம்மா?"

இத்தனை வருடம் படித்ததில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு நிச்சயமாக எனக்குப் பதில் தெரிந்ததில்லை. "இல்லை சார்," என்றேன். "இதமாக இருந்தது."

அவர் பேனாவை எடுத்தார். "அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சேர்த்துவிட்டேன். குளிர்த் தொகுதி அத்தியாயத்தில், படத்துக்குக் கீழே அந்த வரி இருக்கிறது: வெந்நீரின் சூடு கருவியால் அளக்கப்படவில்லை, அன்று அதே நீரில் குளிப்பாட்டப்பட்ட ஆய்வாளரால் இதமானது என்று உணரப்பட்டது.